செவஸ்தியின் டிஷ்ஷும் புனித வாரத்துச் சுண்ணாம்பும்

செவஸ்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தீவில் எல்லாரும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் ஒருவராவது அந்தக் கோபம் எங்கேயிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. கல்யாணமான புதிதில் அவள் குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்டதில்லை. ரொட்டிக்கடையில் மாவு பிசைவாள், சம்பளத்தை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி படியேறிப் போவாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் மிகேஸைக் கடல் பிடித்தது. அதற்குப் பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடவில்லை என்பதுதான் ஊருக்கு இருக்கிற குறை.

மிகேஸ் கடற்பஞ்சு எடுக்க முங்குகிறவன். தகப்பனும் அதே தொழில், பாட்டனும் அதே தொழில். அன்றைக்குக் கீழே இருக்கும்போது காற்றுக்குழாய் மடங்கிக்கொண்டது. ஆழத்திலிருந்து நிதானமாக ஏறாவிட்டால் உடம்பு முடங்கிவிடும், ஆனால் நிதானமாக ஏறி வர மூச்சில்லை. விறுவிறுவென்று மேலே வந்துவிட்டான். படகில் ஏறி உட்கார்ந்து ஒரு சிகரெட் கேட்டான். பாதி சிகரெட்டில், இடுப்புக்குக் கீழே தனக்கு எதுவும் தெரியவில்லை என்றான். இன்றுவரை தெரியவில்லை.

கால் போனவனுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பெரிய தீவில் கூடும் மருத்துவக் குழு ஒன்றின் முன்னால் போய், கால் இன்னும் வரவில்லை என்று காட்ட வேண்டும். போன தடவை செத்துக் கிடந்த கால் இந்தத் தடவை எழுந்து நடந்திருக்குமோ என்று அவர்களுக்குச் சந்தேகம். செவஸ்தி முதல் தடவை அவர்களிடம் மரியாதையாகக் கேட்டாள். இரண்டாம் தடவை மரியாதை இல்லாமல் கேட்டாள். இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது. அடுத்த தேதியைப் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தப் பயணம் எப்படி என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். வீடு மலைச்சரிவில் இருக்கிறது. துறைமுகம் வரை வெறும் கற்படிகள், வண்டி வராது. மிகேஸைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, மார்போடு கயிறு போட்டுக் கட்டி, நான்கு ஆட்கள் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். வழியெல்லாம் ஜன்னல்கள் திறக்கும். போன தடவை கப்பலின் இறங்குபலகை அலையில் ஆடியது. முன்னால் பிடித்திருந்தவன் கால் வழுக்கிவிட்டது. நாற்காலியோடு மிகேஸ் சரிந்து விழுந்தான். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இடுப்பில் கட்டியிருந்த மூத்திரப் பை உடைந்து கால்சட்டை முழுக்க நனைந்துபோனது. கப்பலின் மேல்தட்டில் உல்லாசப் பயணிகள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மிகேஸின் அக்கா தெமெலினா தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் மடியில் போட்டாள். அந்த ஒரு காரியத்துக்காக, பிற்பாடு எத்தனை சண்டை வந்தும், செவஸ்தியால் அவளை முழுசாக வெறுக்க முடிந்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மிகேஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் வாரக்கணக்கில் இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியபோது சத்தம் போடாமல் ஒன்று சொன்னான். அவன் எப்போதுமே சத்தம் போடாதவன்.

"இனிமே நான் அந்த நாற்காலியில உக்கார மாட்டேன், செவஸ்தி. பணம் நின்னா நிக்கட்டும்."

பணம் நின்றால் மருந்து நிற்கும், பைகள் நிற்கும், படுக்கைப்புண் வராமல் இருக்கப் போட்டிருக்கும் காற்றுமெத்தையின் வாடகை நிற்கும். ரொட்டிக்கடைச் சம்பளத்தில் இதெல்லாம் நடக்காது. அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

இந்த வருஷம் தேதி வந்ததும் செவஸ்தி தொலைபேசியை எடுத்து உட்கார்ந்தாள். எத்தனையோ பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்துக் கடைசியில் ஒரு குமாஸ்தா அகப்பட்டான். இந்த வருஷத்திலிருந்து காமிரா மூலமாகவும் பார்க்கலாம் என்றான். செவஸ்திக்குச் சந்தோஷம் தொண்டைவரை வந்தது. அதற்குள் அவன் மீதியையும் சொல்லிவிட்டான்.

"ஆனா ஒண்ணும்மா. இணைப்பு வரலைன்னாலோ நடுவுல அறுந்தாலோ, நீங்க வரலைன்னுதான் கணக்கு. அப்புறம் நேர்லதான் வந்தாகணும்."

எங்கள் தீவில் இணைப்பு எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறும்பு என்று புரியும். வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் பேசலாம், அதுவும் கரகரவென்று. அதில் ஒரு புகைப்படம் வந்து சேர்வதற்குள் காப்பி ஆறிவிடும். கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்க வேண்டுமானால் துறைமுகத்துக்கு இறங்க வேண்டும், அதாவது மறுபடியும் நாற்காலி. மிச்சம் இருந்தது வானம் மட்டும்தான். செவஸ்தி தன் இரண்டு ஆடுகளை விற்று, செயற்கைக்கோள் இணையத்துக்குச் சொல்லியனுப்பினாள்.

அடுத்த தீவிலிருந்து சக்கெல்லாரிஸ் என்பவன் பெட்டியோடு கப்பலில் வந்தான். டிஷ் மாட்டுவதுதான் அவன் தொழில். நடுவயது ஆள், வாயாடி. அவன் மொட்டைமாடியில் நின்று திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். செயற்கைக்கோள் நிற்பது தெற்கு வானத்தில். செவஸ்தியின் வீட்டுக்குத் தெற்கே பாறை முட்டிக்கொண்டு நிற்கிறது. பாறையைத் தாண்டி வானம் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது, அவள் மாடிக்கும் தெமெலினாவின் மாடிக்கும் நடுவில் ஓடும் பொதுச்சுவரின் கோடி.

தெமெலினாவிடம் கேட்டிருக்கலாம். செவஸ்தி கேட்கவில்லை. தன் பாதிச் சுவரில் தானே வைக்கிறோம் என்ற நினைப்பு. சக்கெல்லாரிஸ் குழாயை நட்டு டிஷ்ஷை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே தெமெலினா மாடியேறி வந்துவிட்டாள். அறுபத்தெட்டு வயது, இடுப்பில் கை. தன்னைக் கேட்காமல் சுவரில் சட்டியைக் கவிழ்த்து வைக்கிற வழக்கம் எந்த ஊரில் உண்டு என்று கேட்டாள். இதைச் சட்டி என்கிறவளுக்கு விளக்கம் சொல்லி ஆகப்போவது என்ன என்று செவஸ்தி திருப்பிக் கொடுத்தாள். அதோடு பேச்சு நின்றது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. இருவரும் இறைச்சியோடு பேச்சையும் விட்டார்கள்.

சக்கெல்லாரிஸ் வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். மிகேஸின் படுக்கைக்கு மேலே பலகையில் மோடத்தை வைத்தான். விளக்கு நீலமாக நிலைத்து நின்றால் எல்லாம் சரி, சிவப்பாகச் சிமிட்டினால் மேலே தொடர்பு இல்லை என்றான். போகும்போது மாடியில் செவஸ்தியை நிறுத்தி, டிஷ்ஷுக்கு முன்னால் நீண்டிருக்கும் கம்பியையும் அதன் நுனியில் இருக்கும் சின்னப் பெட்டியையும் காட்டினான். அந்தப் பெட்டியின் முகத்தில் எதுவும் படக்கூடாது. துணி காயப்போடக் கூடாது, கொடி ஏறக்கூடாது. டிஷ் ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் போச்சு. இதையெல்லாம் பக்கத்து மாடிக்காரரிடமும் சொல்லிவிடுங்கள் என்றான். செவஸ்தி தலையாட்டினாள். சொல்ல வேண்டியதுதான். பேச்சு இருந்தால் அல்லவா சொல்வதற்கு.

மருத்துவக் குழு கொடுத்த தேதி புனித வாரத்துப் புதன்கிழமை, காலை பத்து மணி.

புனித வாரத்தில் எங்கள் தீவுப் பெண்களைக் கட்டிப்போட முடியாது. ஈஸ்டருக்குள் ஊர் வெள்ளையாக வேண்டும். சுண்ணாம்பைக் குழைத்து, கொஞ்சம் நீலம் கலந்து, சுவர், படி, படியின் இடுக்கு, மரத்தின் அடி, பூந்தொட்டி, கோழிக்கூடு என்று ஒன்றும் விடாமல் அடிப்பார்கள். வெள்ளியன்று பூவால் ஜோடித்த கிறிஸ்துவின் பாடை சந்து சந்தாக வரும்போது, யார் வீட்டுச் சுவர் மங்கியிருக்கிறது என்று அத்தனை பெண்களும் பார்ப்பார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே பார்ப்பார்கள். இதில் தெமெலினாவை மிஞ்ச ஆளில்லை. அசையாமல் நின்றால் அவள் கழுதைக்கும் அடித்துவிடுவாள் என்பது ஊர்ப்பேச்சு. பொதுச்சுவருக்கு இரண்டு பக்கமும் அடிப்பது அவள்தான். மிகேஸ் படுத்ததிலிருந்து செவஸ்திக்கு நேரம் ஏது என்று அவளாகவே எடுத்துக்கொண்ட வேலை. சண்டை இருந்தாலும் அந்த வேலையை அவள் விடவில்லை. அதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

செவ்வாய்க்கிழமை ரொட்டிக்கடையில் ஈஸ்டர் பிஸ்கட் வேலை. செவஸ்தி வீட்டுக்கு வரும்போது பின்மத்தியானம் ஆகிவிட்டது. கையில் மாவு காயவில்லை. உள்ளே வந்ததும் கண் பலகைக்குப் போனது. மோடத்தின் விளக்கு சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"மத்தியானத்துலேர்ந்து இப்படித்தான்," என்றான் மிகேஸ். "மாடியில அக்கா ஏதோ பண்ற சத்தம் கேட்டுச்சு. நானும் கூப்பிட்டுப் பாத்தேன். காத்துல அவளுக்குக் கேக்கலை."

செவஸ்தி இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனாள்.

சுவர் பளிச்சென்று இருந்தது. டிஷ் பளிச்சென்று இருந்தது. உள்பக்கம், வெளிப்பக்கம், நட்ட குழாய், முன்னால் நீண்ட கம்பி, கம்பி நுனியில் இருந்த பெட்டி, பெட்டியின் முகம், கேபிள், கேபிள் போய்ச் செருகும் இடம், திருகாணிகள், எல்லாம் வெள்ளை. ஒரு பூச்சு அல்ல, இரண்டு பூச்சு. பெட்டியின் முகத்தில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. டிஷ்ஷின் பின்பக்கம் தூரிகை போகவில்லை போலிருக்கிறது, அதற்காக அதைத் தள்ளித் திருப்பியும் வைத்திருந்தாள். மூன்று விரல் அகலமாவது நகர்ந்திருக்கும். தெமெலினா அடுத்த மாடியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த களை.

செவஸ்தி சுவரோரம் போய் நின்றாள். பேச்சு நோன்பு அங்கேயே முறிந்தது.

"யாரைக் கேட்டு இதுல கை வெச்சே?"

"எதுல? சுவத்துலயா?" தெமெலினா நிமிரவே இல்லை. "பாதிச் சுவரு என்னோடது. அதுக்கு நான் யாரைக் கேக்கணும்? வெள்ளிக்கிழமை ஆண்டவர் இந்த வழியாத்தான் போறாரு. சாம்பல் நிறத்துல ஒரு சட்டி சுவத்து மேல குந்திக்கிட்டிருந்தா அவரு என்ன நினைப்பாரு?"

"ஆண்டவருக்குக் கண்ணு தெரியும்க்கா. அந்த டாக்டருங்களுக்குத்தான் தெரியலை. நாளைக்குப் பத்து மணிக்கு உன் தம்பியை இந்தச் சட்டி வழியாத்தான் பாக்கப்போறாங்க. இது வேலை செய்யலைன்னா மறுபடியும் நாற்காலி. இந்தத் தடவை கயிறை நீயே வந்து கட்டு."

தெமெலினாவின் கையிலிருந்து வாளி நழுவியது. பிறகு மெதுவாக, கால்பந்து பார்க்கத்தான் வாங்கினீர்கள் என்று நினைத்ததாகச் சொன்னாள்.

கால்பந்து. செவஸ்திக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் கோபம் தலைக்கேறியது. ஒன்பது வருஷமாக ஒரு நாள் முழுசாகத் தூங்காதவள் கால்பந்து பார்க்க ஆட்டை விற்பாளாம். வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். தெமெலினாவின் செத்துப்போன புருஷனையும் விடவில்லை. சந்தில் போன பெண்கள் நின்று மேலே பார்த்தார்கள். தெமெலினா பதில் பேசவில்லை. அது அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும்.

திட்டித் தீர்த்த பிறகு செவஸ்தி தொலைபேசியில் சக்கெல்லாரிஸைப் பிடித்தாள். அவன் முதலில் சிரித்தான். சுண்ணாம்பா, சுண்ணாம்பேதானா என்று இரண்டு தடவை கேட்டுச் சிரித்தான். செவஸ்தி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கம் அமைதியானதும் விஷயத்தைச் சொன்னாள். அவன் குரல் மாறிவிட்டது. உடனே கிளம்பி வந்துவிடுவேன், ஆனால் கப்பல் இல்லை என்றான். காற்று பலமாகிவிட்டது, எந்தக் கப்பலும் கிளம்பக்கூடாது என்று மத்தியானமே உத்தரவு போட்டுவிட்டார்கள். நீங்களேதான் செய்ய வேண்டும். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டியின் முகம். அது மெல்லிய பிளாஸ்டிக், கீறினால் தொலைந்தது. கத்தி கூடாது, கம்பி பிரஷ் கூடாது. வினிகரில் நனைத்த துணியும் விரலும்தான். அடுத்தது கேபிள் செருகும் இடம். சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால் உலோகத்தைத் தின்றிருக்கும், அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்ட வேண்டும். நுனியில் திருகி மாட்டுகிற உபரி மூடி ஒன்று மோடம் வந்த பெட்டியிலேயே இருக்கிறது. இரண்டும் முடிந்த பிறகு, காலையில் வெளிச்சம் வந்ததும், டிஷ்ஷைத் திருப்பிச் செயற்கைக்கோளைத் தேட வேண்டும்.

செவஸ்தி பொழுது சாயும்வரை துடைத்தாள். நகத்தால் சுரண்டினாள். ஈரச் சுண்ணாம்பு தோலைத் தின்னும் என்று தெரியாதவள் இல்லை. கையுறை போட்டால் பிளாஸ்டிக் கீறுகிறதா இல்லையா என்று தெரியவில்லை, அதனால் கழற்றி எறிந்துவிட்டாள். விரல்நுனிகள் சிவந்து, வெடித்து, வினிகர் படும்போதெல்லாம் உயிர் போயிற்று. தெமெலினா இன்னொரு துணியோடு வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். போ என்று செவஸ்தி சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை. டிஷ்ஷின் பின்பக்கத்தையும் திருகாணிகளையும் தெமெலினா துடைத்தாள். தான் அடித்த சுண்ணாம்பைத் தானே எடுக்கிறவளின் முகத்தைப் பார்க்கச் செவஸ்திக்குப் பிடிக்கவில்லை. பரிதாபம் வந்துவிட்டால் கோபம் குறையும். அவளுக்கு நாளைக் காலைவரை அந்தக் கோபம் தேவையாக இருந்தது.

கேபிள் நுனி பச்சை பூத்திருந்தது. அதை இழுத்து, ஜன்னல் வழியாக மிகேஸின் மடிக்கு இறக்கினாள். முங்குகிறவனின் காற்றுக்குழாய்களை அவன் எத்தனையோ தடவை வெட்டி ஒட்டியிருக்கிறான். தலையணையில் சாய்ந்துகொண்டு, கத்தியால் மேல்தோலைச் சுற்றிச் சீவினான். உள்ளே இருந்த கம்பிப் பின்னலை மடித்துவிட்டான். செம்புக் கம்பியில் கீறல் படாமல் எடுத்து மூடியைத் திருகினான். வேலை நடந்த நேரம் முழுக்க அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. முடிந்ததும் மனைவியின் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஆலிவ் எண்ணெய்ப் புட்டியை எடு என்று மட்டும் சொன்னான்.

புதன் விடிந்ததும் காற்று இன்னும் மோசமாக இருந்தது. செவஸ்தி மாடியில் திருகாணி முடுக்கும் சாவியோடு நின்றாள். மிகேஸின் கையில் டேப்லெட், அதில் தொடர்பு எவ்வளவு என்று ஒரு எண் வரும். எண் ஏற ஏற நல்லது. அவன் சொல்வது மாடிக்குக் கேட்காது. அதனால் தெமெலினா முற்றத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, அவன் சொன்னதை வாங்கி மேலே கத்த வேண்டும். நாற்பது நாள் பேசாமல் இருந்த இரண்டு பெண்களும் இப்போது தொண்டை கிழியக் கத்தினார்கள்.

செவஸ்தி டிஷ்ஷை நூலிழை அளவுக்குத் திருப்புவாள், நிறுத்துவாள், கீழே பார்ப்பாள். ஒன்றுமில்லை என்று தெமெலினா கத்துவாள். இன்னொரு நூலிழை. ஒன்றுமில்லை. கிழக்கே முழுக்கப் போய்த் திரும்பி மேற்கே வந்தாள். திடீரென்று ஏறுகிறது ஏறுகிறது என்று தெமெலினா குதித்தாள். செவஸ்தி இன்னும் ஒரு நூலிழை திருப்பினாள்.

"எவ்வளவுன்னு சொல்லு," என்று மேலேயிருந்து கேட்டாள் செவஸ்தி.

"பரவாயில்லை."

"பரவாயில்லைன்னு ஒரு நம்பர் கிடையாதுக்கா. எவ்வளவு?"

எண் இறங்கிவிட்டது. அதைச் சொல்லத் தெமெலினாவுக்கு மனம் வரவில்லை, அதுதான் விஷயம். செவஸ்தி தலையில் அடித்துக்கொண்டாள். நல்ல சேதி, கெட்ட சேதி என்று பார்க்காதே, உன் தம்பி வாயில் வருவதை அப்படியே சொல் என்று மேலிருந்து உறுமினாள். அதன் பிறகு தெமெலினா எண்களை மட்டும் சொன்னாள், சாமியார் பிரார்த்தனை படிப்பது மாதிரி ஒரே சுருதியில்.

எண் உச்சத்துக்கு வந்தது. திருகாணியை முடுக்கினால் டிஷ் அசைகிறது, அசைந்தால் எண் இறங்குகிறது. ஒரேயடியாக ஒரு பக்கம் முடுக்காதீர்கள், இதைக் கொஞ்சம் அதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்குங்கள் என்று சக்கெல்லாரிஸ் சொல்லியிருந்தான். வெடித்த விரல்களால் சாவியைப் பிடிக்க முடியவில்லை. பல்லில் துணியைக் கடித்துக்கொண்டு முடுக்கினாள். கடைசித் திருகாணி நின்றபோது கீழேயிருந்து தெமெலினாவின் குரல் வந்தது. இந்தத் தடவை எண் இல்லை.

"நீலம், செவஸ்தி. நீலமா நின்னுடுச்சு."

முகம் கழுவிச் சட்டை மாற்ற மட்டும் நேரம் இருந்தது. மிகேஸுக்குத் தலை வாரிவிட்டு, டேப்லெட்டைக் கட்டிலின் கால்மாட்டில் சாய்த்து வைத்தார்கள். பத்து மணிக்குத் திரையில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. குழுவில் மற்ற இரண்டு பேரும் ஈஸ்டருக்கு ஊருக்குப் போய்விட்டதாகவும் தான் புதிதாக வந்த மருத்துவர் என்றும் சொன்னாள். மற்ற இருவரைத் திட்டுவதற்கென்று செவஸ்தி மனதுக்குள் எடுத்து வைத்திருந்ததெல்லாம் வீணாயிற்று.

பேச்சு மேலே செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பிவர ஒரு மூச்சு நேரம் ஆனது. முதலில் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பேசிக் குழப்பினார்கள். பிறகு மிகேஸ் பழகிக்கொண்டான். சொல்வதைச் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மருத்துவர் போர்வையை விலக்கச் சொன்னாள். பேனாவின் நுனியால் உள்ளங்காலில் கோடு போடச் சொன்னாள். செவஸ்தி போட்டாள். விரலை அசைக்க முயற்சி செய்யுங்கள் என்றாள். மிகேஸ் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கால்விரல்கள் அப்படியே இருந்தன. எப்போதிலிருந்து, எப்படி என்று கேட்டாள். மிகேஸ் காற்றுக்குழாயைப் பற்றியும் பாதி சிகரெட்டைப் பற்றியும் சொன்னான். அவள் முன்னாலிருந்த தாள்களைப் புரட்டினாள். முன்னும் பின்னுமாக இரண்டு தடவை புரட்டினாள்.

"ஐயா, உங்களை எதுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடறாங்க?"

அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள் செவஸ்தி. நாற்காலி, கயிறு, இறங்குபலகை, எல்லாவற்றையும் சொன்னாள். கோபத்தில் சில இடங்களில் வார்த்தை தடுக்கியது. மருத்துவர் குறுக்கிடாமல் கேட்டாள். நல்ல பெண். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இதுல பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா," என்றாள் கடைசியில். "இப்படி முதுகுத்தண்டு போனவங்களுக்கு முதல் தடவையே நிரந்தரம்னு எழுதிடலாம். எழுதியிருக்கணும். யாரோ கவனிக்காம விட்டுட்டாங்க போல. நான் இப்பவே எழுதிடறேன். இனிமே நீங்க வரவே வேண்டாம். காமிராவுக்கு முன்னாலகூட வர வேண்டாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நன்றி வரும் என்று காத்திருப்பது முகத்திலேயே தெரிந்தது.

தெமெலினா சிலுவை போட்டுக்கொண்டாள். செவஸ்தி கையில் இருந்த பேனாவைக் கட்டிலில் வைத்தாள். இவ்வளவுதானா? ஒரு வார்த்தை எழுதுகிற வேலையா? அதற்கா ஒன்பது வருஷம்? கயிற்றின் தடம் அவன் மார்பில் எத்தனை நாள் இருந்தது என்று அவளுக்குத் தெரியும், துடைத்துவிட்டவள் அவள். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. யார் கழுத்தைப் பிடிப்பது என்றும் தெரியவில்லை. திரையில் இருந்தவள் அந்த ஆள் இல்லை.

அப்போதுதான் மிகேஸ் முழங்கையை ஊன்றி எழும்பினான். அவன் அப்படி எழும்பி அவள் பார்த்து வெகுநாளாயிற்று. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குரல் மட்டும் பழையபடி மெதுவாகத்தான் வந்தது.

"அப்போ என்னை எதுக்கும்மா தூக்கிட்டுப் போனாங்க?"

கேட்டுவிட்டு, பழகிய வழக்கப்படி, கேள்வி மேலே போய் வருவதற்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. இன்னொன்றும் ஆயிற்று. மருத்துவரின் வாய் கொஞ்சம் திறந்தது, திறந்தபடியே நின்றது. பேனா கையில் நின்றது. வெளியே காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது.

தெமெலினா பதறிப்போய், அறுந்துவிட்டது, படம் நின்றுவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு மோடத்தை நோக்கிக் கையை நீட்டினாள். செவஸ்தி பலகையை ஒரு பார்வை பார்த்தாள். நீல விளக்கு அசையாமல் நின்றது. திரையில் அந்தப் பெண் கண்ணைச் சிமிட்டினாள், தலையைக் குனிந்துகொண்டாள். செவஸ்தி வெந்த கையால் நாத்தனாரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொடாதேக்கா. எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது."